கொள்முதல் படிவம், மூன்றாம் திருத்தம்

ஒரு டிஸ்கில் அடங்குவதற்கு
நான்கு எதற்கு என்று கேட்டார் கல்ஃபான்.
நியாயமான கேள்வி.
வெளியே நாற்பத்தாறு டிகிரி. சோஹார் துறைமுகத்துக் கிரேன்கள்
தங்கள் நிழலைக் காலடியில் சுருட்டி வைத்திருந்தன.
சர்வர் அறையில் மட்டும் பத்தொன்பது.
டீ கொண்டுவருகிறவர், கையெழுத்து வாங்க வந்த டிரைவர்,
யாரானாலும் இங்கே இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

இரண்டு எழுதும் சார், இரண்டு பார்த்து எழுதும்,
ஒன்று செத்தால் அதன் ஜோடி தாங்கும் என்றேன்.
சாகுமா என்றார்.
சாகும். ஏசி மூன்று மணி நேரம் நின்றால் போதும்.
போன ஜூலையில் நின்றது.

நிரல் சின்னதுதான்.
கிரேனைத் திருப்பவும் கண்டெய்னரை எண்ணவும்
ஒன்பது வருடமாக நாங்கள் எழுதிய வரிகள் மொத்தமும்
ஒரு கல்யாண வீடியோவுக்குக் காணாது.
இடத்தைத் தின்பவை பில்டுகள்.
ஒவ்வொன்றும் அறுநூறு எம்பி கழித்துப் போடும்,
நாளைக்கு ஐம்பது பில்ட்.
முப்பது நாளில் அழியட்டும் என்று வைத்திருக்கிறேன்.
தொண்ணூறு வேண்டுமாம் பையன்களுக்கு.
எதற்கென்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பழைய சர்வர் வேறு மாதிரிப் படுத்தியது.
பாதி டிஸ்க் காலியாகக் கிடக்க, இடமில்லை என்றது.
பொடிப்பொடிக் கோப்புகள். கோப்புக்கு ஓர் எண் வேண்டும்,
எண் தீர்ந்துபோயிற்று.
ஃபலஜில் எங்கள் அறையில் எட்டாவது கட்டிலுக்கு இடமுண்டு.
அனுமதிச் சீட்டு ஏழு பேருக்குத்தான்.
ஆகவே இது எனக்கு உடனே புரிந்தது.

மாதம் ஒன்பது ஜிபி வளர்ச்சி, மூன்று வருடம்,
சுருக்கி அடுக்கும்போது அதே அளவு இன்னொரு முறை,
முப்பது சதம் காலியாக விட வேண்டும்.
கூட்டினேன். எங்கோ உதைத்தது.
ஒரே களஞ்சியத்தில் எழுபத்தொரு ஜிபி.

தோண்டிப் பார்த்தேன்.
நான்கு வருடம் முன்பு, ஒரு வியாழன் சாயங்காலம்,
இன்னாசிமுத்து. இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோக்கள்.
ஞாயிறு காலை ஒரு வரி:
தப்பா ஏத்திட்டேன், நீக்கியாச்சு, மன்னிக்கவும்.
நீக்கினால் போகாது. அதற்குத்தானே இந்த மென்பொருள்.
புதிதாகச் சேர்கிறவன் முதல் நாள் முழுக்க
அதையும் சேர்த்தே இறக்கிக்கொண்டிருக்கிறான்.
ஏன் இவ்வளவு நேரம் என்று யாரும் கேட்டதில்லை.
வளைகுடாவில் முதல் நாள் காத்திருப்பதற்கென்றே இருப்பது.

ஒன்றைத் திறந்தேன்.
இரவு யார்டு. மஞ்சள் வெளிச்சம்.
தொங்கும் கண்டெய்னரின் பாதையில்
ஹெல்மெட் போட்ட ஒருவர் நடந்து போகிறார்.
கிரேன் நிற்கிறது. கேமராவைப் பார்த்துக் கட்டைவிரல்.
அவரேதான். சென்சாரைச் சோதிக்கிறார்,
பொம்மைக்குக் காசு கிடைக்கவில்லை போலும்.
அடுத்தது. நிற்கிறது.
மூன்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.
நூற்று நாற்பத்தேழாவதில்
இரண்டு அடி தள்ளி நிற்கிறது.
அதில் கட்டைவிரல் இல்லை. தரையில் உட்கார்ந்துவிடுகிறார்.
அன்று விடிகாலை மூன்று பத்துக்கு ஒரு திருத்தம்:
நானூறு மில்லிசெகண்டை இருநூற்றைம்பதாக்கியிருக்கிறார்.
விளக்கம் எதுவும் எழுதவில்லை.

வெட்டி எறிய எனக்குத் தெரியும்.
வெட்டினால் அதற்குப் பிறகான ஒவ்வொரு பதிவின்
அடையாள எண்ணும் மாறும்,
பாதுகாப்புத் தணிக்கையில் அச்சேறிய எண்கள்
எதையும் சுட்டாமல் நிற்கும்.
கல்ஃபானிடம் இதைச் சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான்.

ஆள்குறைப்பு வருடத்தில் இன்னாசிமுத்துவின் விசா ரத்தானது.
இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று
கேட்டுப் பார்த்தேன். தெரிந்தவர் இல்லை.
இருநூற்றைம்பது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எழுபத்தொன்றைக் கழிக்காமல் கூட்டினேன்.
இரண்டு டெரா, நான்கு. மஸ்கட்டில் ஒரு நகல்.
மூன்றாக வாங்கினால் ஆகாதா என்றார்.
ஜோடி சார்.

காரணம் என்ற கட்டம்
நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்கவில்லை.
தேவை, என்று மட்டும் தட்டி அனுப்பினேன்.